அடுப்பைப் பார்க்காத பச்சிலை! ஒரே பானையில் அரை மணிச் சாப்பாடு: ஜெனோவா நகரத்து ‘பெஸ்டோ’ கதை

விமானம் ஏற வந்தவர் பையைத் திறந்து காட்டுகிறார். துணிமணிக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பாட்டில். பாட்டில் நிறையப் பச்சைப் பசேல் என்று ஏதோ விழுது.

சோதனை அதிகாரி தலையை ஆட்டுகிறார். தண்ணீரோ, குழம்போ, விழுதோ 100 மில்லிக்கு மேல் கையோடு விமானத்துக்குள் போகக் கூடாது. அது சட்டம். பாட்டில் பறிமுதல்!

பயணியின் முகம் வாடிப் போகிறது. வாடாதா பின்னே? வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கென்று வீட்டு உரலில் இடித்து நிரப்பிய பாட்டில் ஆச்சே!

இத்தாலி நாட்டு ஜெனோவா நகர விமான நிலையத்தில் ஒரு காலத்தில் இது அடிக்கடி நடந்த காட்சி. கடைசியில் 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் நிலையத்தாரே இறங்கி வந்தார்கள். நேர் விமானத்தில் போகிறவர்கள் 500 கிராம் வரை அந்த விழுதைக் கையோடு கொண்டு போகலாம் என்று அறிவித்தார்கள். அதற்கென்று தனிச் சோதனையும் வைத்தார்கள்.

சும்மா இல்லை. நோயாளிக் குழந்தைகளை வைத்தியத்துக்காக விமானத்தில் அனுப்பி வைக்கும் ‘ஃப்ளையிங் ஏஞ்சல்ஸ்’ என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு 50 சென்ட்டாவது நன்கொடை கொடுக்க வேண்டும். கொடுத்தால் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இருந்தால் பாட்டில் பறக்கும்!

கத்தியும் வெடிமருந்தும் தேடுகிற இடத்தில் ஒரு சட்னிக்குத் தனி வழி விட்டார்கள் என்றால், அது சாதாரணச் சட்னியாக இருக்க முடியுமா?

அதன் பேர் ‘பெஸ்டோ’.

இடித்தால் பெஸ்டோ

இத்தாலி மொழியில் ‘பெஸ்தாரே’ என்றால் இடிப்பது. இடித்துச் செய்வதால் பெஸ்டோ. நம்ம ஊர்த் துவையல் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாம் துவையலுக்கு வதக்குவோம், வறுப்போம், கடைசியில் தாளிப்போம். ஜெனோவாக்காரர்கள் அதில் ஒன்றையும் செய்வதில்லை. இலை அடுப்புப் பக்கமே போகாது!

பேசில் என்ற வாசனைப் பச்சிலை, பூண்டு, பைன் மரத்துக் கொட்டை, கல்லுப்பு, இரண்டு தினுசுச் சீஸ், ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான் சரக்கு. ஆறும் பச்சையாகவே உரலுக்குள் போகிறது. பச்சையாகவே வெளியே வருகிறது.

பிறகு எப்படிச் சாப்பிடுவது? பாஸ்தாவோடு. கூடவே உருளைக்கிழங்கும் பீன்ஸும். மூன்றையும் ஒரே பானைத் தண்ணீரில் வேக வைத்து, வடித்து, விழுதைப் போட்டுக் கிளறினால் ராச் சாப்பாடு தயார். அரை மணி நேர வேலை. ஒரே அடுப்பு. கழுவ வேண்டியது ஒரே பானை.

இந்த உருளைக்கிழங்கு, பீன்ஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. இரண்டுமே ஐரோப்பாச் சரக்கு இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. 1492-ல் கடல் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்த கொலம்பஸ் யார்? ஜெனோவாவில் பிறந்த பிள்ளை! அவர் போகாமல் இருந்திருந்தால் அந்த ஊர்ச் சாப்பாட்டிலேயே பாதி காலி. விமான நிலையத்துக்கும் அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே

ஜெனோவா ஏறக்குறைய 5½ லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செங்குத்தான மலை. நடுவே துணி காயப் போட்ட கயிறு மாதிரி நீளமாக ஊர். அந்தக் கயிற்றின் மேற்கு முனைப் பக்கம் ‘ப்ரா’ என்று ஒரு பேட்டை. ஜெனோவாவின் பேர் பெற்ற பேசில் அங்கேதான் விளைகிறது.

வயல்காடு என்று நினைத்து விடாதீங்க. மலைச் சரிவில் படி படியாகக் கண்ணாடிக் கூடாரங்கள். அதற்குள்தான் விவசாயம். கீழே பார்த்தால் கன்டெய்னர் அடுக்கு. மேலே பார்த்தால் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை.

ப்ராவில் முன்பு நல்ல கடற்கரை இருந்தது. மீன் படகுகள் இருந்தன. கோடையில் கடல் குளிக்க ஜனம் வரும். புதுத் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்தார்கள். மணல் போயிற்று. இன்று அங்கே கன்டெய்னர் முனையம் நடத்துவது சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. கம்பெனி. சென்னைத் துறைமுகத்தில் இரண்டாவது கன்டெய்னர் முனையத்துக்கு வந்ததும் இதே கம்பெனிதான்.

கடற்கரையைக் காப்பாற்ற முடியவில்லை. பச்சிலைத் தோட்டம் மட்டும் மிச்சம் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஓர் இலைக்காக இவ்வளவு வரிந்து கட்டுவது ஏன் என்பது இப்போது புரியும்.

அறுவடையும் விசித்திரம். நாம் கொத்தமல்லியை வேரோடு பிடுங்கிக் கட்டுவது போலத்தான் அவர்களும் பிடுங்குகிறார்கள். ஆனால் செடி விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கி விடுகிறார்கள். 3 முதல் 10 செடி சேர்ந்தால் ஒரு சின்னக் கட்டு. செடி பெரிதானால் இலையில் புதினா வாடை ஏறிவிடும் என்பது அவர்கள் பயம். புதினா வாடை அடித்தால் அது ஜெனோவா பேசிலே இல்லை என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

இலைக்குக் காவல், விழுதுக்கு இல்லை!

இந்த இலைக்கு 2005-ம் ஆண்டில் ஐரோப்பியக் கூட்டமைப்பு சட்டக் காவல் கொடுத்தது. நம்ம ஊரில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் காஞ்சிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிற மாதிரி. லிகூரியா மாகாணத்தின் கடலோரச் சரிவில், விதிப்படி விளைந்த பேசிலுக்குத்தான் ‘ஜெனோவா பேசில்’ என்ற பேர். வேறு யாரும் அந்தப் பேரில் விற்றால் குற்றம்.

சரி, விழுதுக்கு?

அங்கேதான் ஓட்டை! இலைக்குத்தான் காவல். அரைத்த பெஸ்டோவுக்கு அந்தக் காவல் கிடையாது. எந்த ஊர்த் தொழிற்சாலையும் எந்த இலையையும் அரைத்து, பாட்டிலில் அடைத்து, ‘ஜெனோவா முறைப் பெஸ்டோ’ என்று லேபிள் ஒட்டலாம். ஒட்டுகிறார்கள்.

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால் சங்கதி தெரியும். பைன் கொட்டை விலை அதிகம். ஆகவே பெரும்பாலான பாட்டில்களில் முந்திரிப் பருப்பு. ஆலிவ் எண்ணெய் பேருக்குக் கொஞ்சம், மிச்சம் சூரியகாந்தி எண்ணெய். விழுது கெட்டியாக இருப்பதற்கு உருளைக்கிழங்குப் பொடி. கடை அலமாரியில் மாதக் கணக்கில் நிற்க வேண்டுமே, அதனால் பாட்டிலுக்குச் சூடும் காட்டி விடுகிறார்கள். அடுப்பையே பார்க்கக் கூடாத இலை, தொழிற்சாலையில் ஆவியைப் பார்த்து விடுகிறது. பச்சை மங்கி ராணுவச் சட்டை நிறத்துக்கு வந்து விடுகிறது.

முந்திரியைக் குறை சொல்வதற்கில்லை. பண்ருட்டிப் பக்கம் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்! போட்டதைப் போட்டபடி முன்பக்கமே எழுதி விற்கலாம் அல்லவா? ஊர்ப் பேரை முன்னால் பெரிதாகப் போட்டு, சரக்கைப் பின்னால் பொடி எழுத்தில் ஒளிப்பதுதான் ஜெனோவாக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில், போட்டி! 2007-ம் ஆண்டு முதல் நகரத்தின் பழைய அரண்மனையான ‘பலாஸோ துக்காலே’யில் உலகப் பெஸ்டோ போட்டி நடத்தி வருகிறார்கள். 100 பேர், 100 சலவைக்கல் உரல், 100 மர உலக்கை. மின்சார மெஷினுக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டவரும் வந்து கலந்துகொள்கிறார்கள். அரண்மனைக்குள் நூறு உரல் ஒரே நேரத்தில் இடிபட்டால் எப்படி இருக்கும்? சத்தம் ஒரு பக்கம், வாசனை ஒரு பக்கம்!

1863-ம் ஆண்டுப் புத்தகம்

ஆனால் ஜெனோவாக்காரர்கள் இப்போது காட்டுகிற கெடுபிடி அவர்கள் தாத்தா காலத்தில் இருந்ததா என்றால், இல்லை.

ஜொவான்னி பத்திஸ்தா ராத்தோ என்பவர் 1863-ல் ஜெனோவாச் சமையலுக்கு ஒரு புத்தகம் போட்டார். பெஸ்டோவின் செய்முறை முதன்முதலாக அச்சில் வந்தது அதில்தான் என்பார்கள். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? பேசில் கிடைக்காவிட்டால் மார்ஜரமும் பார்ஸ்லியும் போடச் சொல்கிறது! சீஸ் விஷயத்தில் பார்மா ஊர்ச் சீஸோடு, ஹாலந்து நாட்டுச் சீஸையும் சேர்க்கச் சொல்கிறது. துறைமுக ஊர் அல்லவா? கப்பலில் எது வந்ததோ அது உரலுக்குள் போயிற்று.

ஆக, மாற்றுச் சரக்கு என்பது அந்தச் சமையலுக்குப் புதிது இல்லை. இலை மாறலாம், சீஸ் மாறலாம். மாறாதது ஒன்று: பச்சிலையை நெருப்பில் காட்டுவதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பேசிலின் வாசனை, இலையின் மேல்தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. சூடு பட்டால் அந்த எண்ணெய் ஆவியாகப் பறந்து போகும். வீடு மணக்கும், தட்டு மணக்காது! இன்னொரு கோளாறும் உண்டு. நறுக்கிய கத்திரிக்காயைத் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப் போகிறதே, அதே சமாச்சாரம்தான் நசுங்கிய பேசிலிலும் நடக்கிறது. காற்று பட்டால் கறுக்கும். வெதுவெதுப்பு ஏறினால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். ஆலிவ் எண்ணெய் இலைத் துணுக்குகளின் மேல் படிந்து காற்றை மறிக்கிறது. மிக்ஸியை ஜெனோவாப் பெண்கள் திட்டுவதற்கும் இதுதான் காரணம். பிளேடு சுற்றச் சுற்ற ஜார் சூடாகிறது அல்லவா?

உரலிலும் ‘டங் டங்’ என்று குத்துவதில்லை. உலக்கையை ஓரத்தோடு ஓரமாகச் சுழற்றுகிறார்கள். அந்த உரலுக்கு நாலு காது இருக்கும். ஒரு கை காதைப் பிடித்து உரலை ஒரு பக்கம் திருப்ப, மறு கை உலக்கையை எதிர்ப் பக்கம் சுழற்றும். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிப் பழகிய கை என்றால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டு விடும்.

நம்ம ஊர்ச் செடிதான்!

இத்தாலிப் பச்சிலைக்கு இங்கே எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம்.

கோடையில் தெருவோரம் சர்பத் குடிக்கிறோம். தம்ளருக்குள் கறுப்புப் புள்ளியாக, சுற்றிலும் வழவழப்பாக ஒரு விதை மிதக்கிறதே, சப்ஜா விதை! அந்த விதையை மண்ணில் போட்டால் முளைப்பது என்ன செடி? திருநீற்றுப் பச்சிலை. தாவர நூல்படி ஜெனோவா பேசிலும் திருநீற்றுப் பச்சிலையும் ஒரே இனம். ரகம்தான் வேறு. அவர்கள் இலையைத் தின்கிறார்கள். நாம் விதையைக் குடிக்கிறோம்.

அந்த 1863-ம் வருடப் புத்தகம் சொல்லும் மார்ஜரம்? அதுவும் இங்கே இருக்கிறது. பூக்கடையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டுகிறார்களே, மருவு, அதுதான். ஆனால் பூக்கடை மருவை வாங்கி அரைத்து விடாதீங்க. தலையில் வைக்க வளர்த்தது, மருந்து தெளித்திருப்பார்கள். தொட்டியில் வளர்த்தால் தாராளமாகப் போடலாம். பார்ஸ்லி நம்ம கொத்தமல்லிக்கு உறவுச் செடி. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வாசனை மட்டும் வேறு.

“அப்படின்னா துளசியையே அரைச்சிடலாமே?” என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். துளசி அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் வேறு இனம். கிராம்பு மாதிரிக் காட்டம் ஏறும். சாமிக்குப் போட்டதைச் சட்னிக்குப் போட்டாய் என்று வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் நேரும்.

திருநீற்றுப் பச்சிலையும் ஜெனோவா இலையைவிடக் காட்டம்தான். ஆகவே அது ஒரு பங்கு, இளம் கொத்தமல்லி ஒரு பங்கு என்று கலந்துகொள்வது உத்தமம். பெரிய கடைகளில் ‘பேசில்’ என்ற பேரிலேயே சின்னப் பாக்கெட்டில் இலை கிடைக்கிறது. அது கிடைத்தால் கலப்பே வேண்டாம். சப்ஜா விதையைத் தொட்டியில் தூவி வைப்பவர்களுக்கு அந்தச் செலவும் மிச்சம்.

சுத்த சைவமா?

இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஏன் என்றால், மாமிசம் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை என்பதால் ஹோட்டல்காரர்கள் ‘பக்கா வெஜிடேரியன்’ என்று சொல்லிப் பரிமாறுகிறார்கள். சீஸில்தான் சிக்கல்.

நாம் பாலுக்கு உறை மோர் ஊற்றுகிறோம். இத்தாலியில் பார்மா ஊரின் ‘பார்மிஜானோ’ சீஸுக்கு ஊற்றுகிற உறை எது தெரியுமா? கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கிற ரென்னட்! அந்தச் சீஸின் சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பெஸ்டோவில் விழும் இரண்டாவது சீஸ், சார்டீனியத் தீவின் ஆட்டுப் பால் சீஸ். அதற்கு ஆட்டுக்குட்டி இரைப்பையின் உறை.

ஐரோப்பாவில் சைவம் சாப்பிடுபவர்களிலேயே விவரம் தெரிந்தவர்கள் இந்தச் சீஸைத் தொடுவதில்லை. நம்ம ஊரில் சனிக்கிழமை விரதம் இருக்கிறவர்கள் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு தெரிந்து சங்கடப்பட்டால் யார் பதில் சொல்வது?

வழி இல்லாமல் இல்லை. இரைப்பை உறைக்குப் பதிலாக நுண்ணுயிர் உறையில் செய்த சீஸும் விற்கிறார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கெட்டியான பழைய சீஸ், துருவினால் பொடியாக உதிரும் சீஸ்தான் ஏற்றது. இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிற பீட்சா சீஸ் வேண்டாம்.

சீஸே வேண்டாம் என்பவர்களுக்கும் ஜெனோவாவிலேயே ஒரு சாக்கு இருக்கிறது. நகரத்துக்குக் கிழக்கே ரெக்கோ என்ற ஊர்ப் பக்கம் பெஸ்டோவில் புளிப்புத் தயிர் மாதிரி ஒரு பால் கட்டியைச் சேர்ப்பார்கள். ‘பிரெஷின்சேவா’ என்பார்கள். வாயில் நுழையாத பேர்! அந்த இடத்தில் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த நம்ம வீட்டுத் தயிர் இரண்டு கரண்டி போட்டால் ருசி அதிகம் விலகாது.

ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள், ‘என்ன சீஸ்?’ என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. பில் கொடுப்பது அவர்கள்தானே?

ஆபீஸ் விட்டு வந்ததும்...

நாலு பேருக்குக் கணக்கு இது. 300 கிராம் பாஸ்தா. நடுத்தர உருளைக்கிழங்கு இரண்டு. பீன்ஸ் இரண்டு கைப்பிடி. விழுதுக்கு ஆய்ந்த இலை 30 முதல் 35 கிராம், அதாவது அழுத்தாமல் இரண்டு கை நிறைய. பைன் கொட்டை 15 கிராம். அது யானை விலை என்பதால் முந்திரி பத்துப் பன்னிரண்டு போதும். (பாட்டில்காரர்களைத் திட்டிவிட்டு நாமும் முந்திரியா என்று கேட்காதீங்க. நாம் லேபிள் ஒட்டி விற்கவில்லை!) பூண்டு ஒரு பல். துருவிய சீஸ் 40 கிராம் சுமாருக்கு. ஆலிவ் எண்ணெய் 30, 40 மில்லி. ஜெனோவாப் பெஸ்டோக் கூட்டமைப்பு 600 கிராம் பாஸ்தாவுக்குச் சொல்லும் அளவில் இது பாதி.

பாஸ்தா வாங்கும்போதும் கண் வேண்டும். இத்தாலியில் 1967-ம் ஆண்டுச் சட்டப்படி காய்ந்த பாஸ்தாவைக் கெட்டிக் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும். மைதாவில் செய்தது வெந்ததும் கூழாகும். இங்கே இரண்டும் விற்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்க. ஜெனோவாவில் ரிப்பன் மாதிரி ‘திரெனெத்தே’, அல்லது முறுக்கித் திரித்த ‘த்ரோஃபியே’ போடுவார்கள். நமக்கு ரிப்பனோ, திருகாணி வடிவமோ போதும். விழுது ஒட்டுவதற்கு மடிப்பும் முறுக்கும் இருந்தால் சரி.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, பெரிய பானையில் மூன்று லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைப்பது. முகம் கழுவுவது அப்புறம்! தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆகும். அந்த நேரத்துக்குள் விழுது முடிந்துவிட வேண்டும்.

இலையைக் கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போக எடுங்க. ஈர இலை கறுக்கும். சின்ன உரல் இருந்தால் முதலில் பூண்டும் முந்திரியும், பிறகு இலையும் கல்லுப்பும், அப்புறம் சீஸ், கடைசியில் எண்ணெய். உரல் இல்லையா? மிக்ஸி ஜாரைக் காலையிலேயே பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போங்க. சில்லென்ற ஜாரில் பூண்டு, முந்திரி, உப்பை முதலில் ஒரு திருப்பு. பிறகு இலை, எண்ணெய். விட்டு விட்டு நாலைந்து திருப்பு, அவ்வளவே. மையாக அரைக்கக் கூடாது. கொரகொரப்பாக இருக்க வேண்டும். சீஸை ஜாருக்குள் போடாமல் கரண்டியால் கலந்துகொள்ளுங்க. ஜாரில் தண்ணீர் மட்டும் விட்டுவிடாதீங்க. பழக்க தோஷத்தில் கை போகும்!

இப்போது தண்ணீர் கொதிக்கிறது. இரண்டு மேஜைக் கரண்டி உப்பு. கட்டை விரல் நகம் அளவுக்கு நறுக்கிய உருளைக்கிழங்கும், ஒரு அங்குலத் துண்டாக ஒடித்த பீன்ஸும் முதலில். ஐந்து நிமிடம் கழித்துப் பாஸ்தா. பாக்கெட்டில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அதற்கு ஒரு நிமிடம் முன்பே ஒன்றைக் கடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் லேசாக ஒரு பிடிப்பு இருந்தால் அடுப்பை அணைக்கலாம். இந்தக் கணக்கில் மூன்றும் ஒன்றாக வேகும். உருளைக்கிழங்கு ஓரம் கரைந்திருக்கும். கரையட்டும், விழுது சேர்ந்து பிடிக்க அதுதான் பசை.

வடிப்பதற்கு முன் ஒரு தம்ளர் கஞ்சியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சோற்றுக் கஞ்சி மாதிரி இதிலும் மாவுச் சத்து இருக்கிறது. விழுதை ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, அந்தச் சூட்டுக் கஞ்சியில் இரண்டு மூன்று கரண்டி விட்டு இளக்கி, மேலே வடித்த பாஸ்தாவையும் காய்களையும் கொட்டிக் கிளறினால் ஒவ்வொன்றிலும் பச்சை ஏறிவிடும். இந்தக் கிளறல் அடுப்புக்கு வெளியே! கஞ்சிச் சூடும் பாஸ்தாச் சூடும் போதும். வாணலியில் போட்டு ‘ஒரு பெரட்டு’ பெரட்டினால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண்.

“காரமே இல்லையே?” என்று வீட்டில் குரல் வரும். நிச்சயம் வரும். ஒரு பச்சை மிளகாயைப் பூண்டோடு வைத்து அரைத்தால் ருசியாகத்தான் இருக்கும். அதை ஜெனோவாப் பெஸ்டோ என்று மட்டும் சொல்லாதீங்க. பாஸ்தாத் துவையல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருத்தரும் கேஸ் போட மாட்டார்கள்.

ஆறினால் ஒட்டிக்கொள்ளும், உடனே தட்டில் போட வேண்டும். விழுது மிச்சம் இருந்தால் சின்னக் கிண்ணத்தில் அமுக்கி, மேலே மூடும் அளவுக்கு எண்ணெய் விட்டுப் பிரிட்ஜில் வையுங்க. இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டாம், பூண்டு இருக்கிறது. காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் பிரமாதம். சூடு பண்ணாமல்தான்!